ஹிஜாமா செய்துகொள்ளப் போகிறீர்களா? கப்பை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை. நாளைக்கு ஒன்பது மணி நேரம் லேப்டாப் முன்னாடி. கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு இறுக்கம், மூன்று மாதமாகப் போகவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிறார்: "மட்டாஞ்சேரிக்கு வா, ஹிஜாமா போட்டுக்கலாம். கெட்ட ரத்தம் எல்லாம் வெளியே போயிடும்." அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வருகிறது. சர்க்கரை, பிரஷர், ஒற்றைத் தலைவலி, குழந்தையின்மை என எழுபது சொச்சம் நோய்களுக்கு ஒரே தீர்வாம். கீழே ஒரு போன் நம்பர்.

போகலாமா, வேண்டாமா? பதில் ஒற்றை வார்த்தையில் வராது. இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, பழைய மருத்துவ மரபு ஒன்று இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கூடவே உங்கள் ரத்தமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹிஜாமா என்றால் என்ன?

அரபியில் 'ஹஜ்ம்' என்ற வேருக்கு உறிஞ்சுதல் என்று பொருள். தமிழ் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் 'இரத்தம் குத்தி எடுத்தல்', 'குருதி உறிஞ்சி எடுத்தல்' என்று வருவது இதுதான். முதலில் தோலைக் கிருமிநாசினியால் துடைப்பார்கள். ஒரு கப்பை வைத்து, கைப்பம்ப்பால் காற்றை இழுப்பார்கள். தோல் உள்ளே உப்பி வரும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, கப்பை எடுத்து, அந்த இடத்தில் பிளேடால் மிக மேலோட்டமாகச் சின்னச் சின்னக் கீறல்கள் போடுவார்கள். மறுபடி கப். இப்போது உறிஞ்சலில் ரத்தம் வரும், கப்புக்குள் ஜெல்லி மாதிரி உறையும். அதைத் துடைத்து எடுத்து, தேவைப்பட்டால் இன்னொரு சுற்று, பிறகு கட்டு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கீறாமல் கப் மட்டும் வைத்து எடுத்தால் அது உலர் முறை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் ஊதா நிற வட்டங்கள் பார்த்தீர்களே, அது உலர் கப்பிங். அவர் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆய்வு உலர் முறையைப் பற்றி இருக்கும், விளம்பரம் ஈர முறைக்கு வரும்.

இது அரபு நாட்டிலிருந்து வந்ததா?

பெயர் வந்தது. முறை இங்கேயும் இருந்தது.

சுஸ்ருத சம்ஹிதை ரத்தம் எடுக்க அட்டை, மாட்டுக்கொம்பு, சுரைக்குடுக்கை மூன்றையும் சொல்கிறது. நம் சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளைப் பாருங்கள்: கொம்பு கட்டல், உறிஞ்சல், கீறல், குருதி வாங்கல், அட்டை விடல் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. மலையாளத்திலும் 'கொம்பு வைக்கல்' என்றுதான் பெயர். கொம்பின் கூர் முனையில் ஓட்டை போட்டு, வாயால் உறிஞ்சி, ஓட்டையை அடைத்துவிடுவார்கள். இன்றைய பிளாஸ்டிக் கப்பும் பம்ப்பும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எகிப்து, கிரேக்கம், சீனம் எல்லாவற்றிலும் இதன் உறவுக்கார முறைகள் உண்டு.

இப்படி ஒரே சிகிச்சைக்கு நாலு மரபுகளில் நாலு பெயர் இருப்பது மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல. கச்சி மேமன், தக்னி, ராவுத்தர், குஜராத்தி, கொங்கணி, தமிழ் பிராமணர் என்று பல சமூகங்கள் நடந்துபோகும் தூரத்தில் வாழும் இடம் அது. டச்சு ஆளுநர் வான் ரீட் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' தொகுத்தபோது இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் தங்கள் அறிவைக் கொடுத்தது இந்தக் கொச்சியில்தான். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. பொன்னானியின் புகழ்பெற்ற மக்தூம் அறிஞர் குடும்பமும் மாபாரிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து, கொச்சி வந்து, பிறகுதான் பொன்னானி போனது. மருந்தும் மார்க்கமும் கப்பலில் வந்து இறங்கிய ஊர் அது. ஹிஜாமா இன்று அங்கே கிளினிக் பலகைகளில் அரபுப் பெயரோடு வருவதில், வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்களுக்கும் பங்கு உண்டு. சவுதியும் அமீரகமும் இதற்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தியிருக்கின்றன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இதைத் தாண்டிப் போனால் பேச்சு முழுமையாகாது. பலர் ஹிஜாமாவுக்குப் போவது வலிக்காக மட்டும் இல்லை, சுன்னத் என்ற பற்றினாலும்தான்.

நபிகள் நாயகம் ஹிஜாமா செய்துகொண்டதும், அபூ தைபா என்பவர் அதைச் செய்ததற்குக் கூலியாக உணவுப்பொருள் கொடுக்கச் சொன்னதும் புகாரி தொகுப்பில் இருக்கிறது. தேனும் ஹிஜாமாவும் நிவாரணம் தருபவை என்ற அறிவிப்பும் அதிலேயே உண்டு. பிறை 17, 19, 21 ஆகிய நாள்கள் சிறந்தவை என்பது வேறு தொகுப்புகளில் வருகிறது. அதனால்தான் அந்தத் தேதிகளில் முன்பதிவு கேட்கிறார்கள். மாதத்தின் நடுப்பகுதி நல்லது என்பதை இப்னு சீனாவும் எழுதினார். நிலவு வளரும்போது உடலின் திரவங்களும் பொங்கும் என்பது அவர் காலத்து விளக்கம். இன்றைய உடலியலில் அதற்கு ஆதாரம் இல்லை.

நோன்பு நேரத்தில் செய்யலாமா என்ற கேள்வியும் வரும். ஷாஃபி, ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் நோன்பு முறியாது, ஹன்பலியில் முறியும். கேரளத்தில் பெரும்பாலோர் ஷாஃபி, மட்டாஞ்சேரியின் மேமன்களும் ராவுத்தர்களும் ஹனஃபி. ஆகவே சட்டப்படி சிக்கல் குறைவு. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பிலிருந்து ரத்தம் எடுத்தால் மயக்கம் வர வாய்ப்பு அதிகம், அது வேறு விஷயம்.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. நபிமொழிகளில் வரும் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் வஹீயா, அல்லது அக்கால அரபு மக்களின் அனுபவ அறிவா? இந்த விவாதம் பழசு. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கையிம் நபிவழி மருத்துவம் என்று தனி நூலே எழுதி, அதற்குத் தனி இடம் கொடுத்தார். அதே நூற்றாண்டின் இப்னு கல்தூன், அது பாலைவன மக்களின் வழக்கத்தைச் சேர்ந்தது, மார்க்கச் சட்டமாக எடுக்க வேண்டியதில்லை என்று எழுதினார். இருவருமே மரபுக்குள் நிற்பவர்கள்தான். மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு என்ற நபிமொழி ஒன்றும் அபூதாவூத் தொகுப்பில் உண்டு. ஃபார்வர்டு மெசேஜ்களில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

சரி, வேலை செய்யுதா?

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். எண்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கப்பிங் பற்றி 1992 முதல் 2010 வரை வெளிவந்த 135 ஆய்வுகளை 2012-ல் ஒரு சீனக் குழு தொகுத்துப் பார்த்தது. அக்கி, முகப்பரு, முகவாதம், கழுத்து எலும்புத் தேய்மானம் இவற்றில் பலன் இருக்கலாம் என்றது. உடனே, பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு மதிப்பாய்வு, வலிக்கு மட்டும் ஓரளவு நம்பிக்கை தரும் சான்று உண்டு என்ற இடத்தில் நின்றது.

ஈர முறைக்கு மட்டும் வருவோம். 2015-ல் சவுதி மருத்துவமனைகளில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 80 பேரிடம் சோதித்தார்கள். ஹிஜாமா செய்துகொண்டவர்களுக்கு வலி குறைந்தது. ஒப்பிட்டது யாரோடு? காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. அதாவது, ஒரு பக்கம் ஒருவர் உங்களைப் படுக்க வைத்து, தொட்டு, கீறி, கவனித்து அனுப்புகிறார். இன்னொரு பக்கம் எதுவுமே இல்லை. வித்தியாசம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

போலி கப் வைத்து ஒப்பிட்டால்? ஜெர்மனியில் ஃபைப்ரோமயால்ஜியா வலி உள்ள 141 பேரிடம் அதைச் செய்து 2016-ல் வெளியிட்டார்கள். காற்று கசியும் ஓட்டை போட்ட கப்தான் போலி கப். வழக்கமான சிகிச்சையை விட கப்பிங் நன்றாக இருந்தது. போலி கப்பை விட நன்றாக இல்லை. இது உலர் முறை என்பதை மறக்க வேண்டாம். ஈர முறையில் போலி செய்வது இன்னும் கஷ்டம். ரத்தம் வந்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும் இல்லையா?

ரத்த அழுத்தத்துக்கும் ஒரு ஆய்வு உண்டு. ஜித்தாவில் 80 நோயாளிகள், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை ஹிஜாமா. நான்காவது வாரம் மேல் அழுத்தம் ஒப்பீட்டுக் குழுவை விட 8.4 புள்ளி குறைவு. எட்டாவது வாரம் வித்தியாசம் போய்விட்டது. விளம்பரத்தில் முதல் வாக்கியம் மட்டும்தான் வரும். இரண்டாவது வாக்கியம்தான் உங்கள் அப்பாவுக்கு முக்கியம். ஹிஜாமா போட்டாச்சு என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துபவருக்கு, பக்கவாதம் வரும் வரை எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம்.

என் கணக்கு இது: கழுத்து, முதுகு வலிக்குச் சிறிது காலம் நிவாரணம் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதில் எவ்வளவு கப்பால், எவ்வளவு கவனிப்பால் என்று பிரிக்க முடியாது. சர்க்கரை, இதயம், புற்றுநோய், குழந்தையின்மை பற்றிய வாக்குறுதிகளுக்கு இன்று கையில் இருக்கும் சான்று போதாது.

ஒரு பழைய கதை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க எதற்கெடுத்தாலும் ரத்தம் எடுத்தார்கள். பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? எண்ணினார். நிமோனியா வந்த 77 பேரில், நோய் தொடங்கிய முதல் நாலு நாளுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். தாமதமாக எடுக்கப்பட்டவர்களில் 25 சதவீதம். 1835-ல் அதை நூலாகப் போட்டார். சக மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். ஹிஜாமாவில் போகும் ரத்தம் அந்தக் காலத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, அதனால் அதே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. 'செய்தேன், சரியாச்சு' என்பதற்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறேன்.

'கெட்ட ரத்தம்' வெளியே வருதா?

கப்பில் கருஞ்சிவப்பாக, கட்டியாக வருவதைப் படம் எடுத்து, "பாருங்க எவ்ளோ அழுக்கு" என்று அனுப்புவார்கள். தோலின் நுண்குழாய்களிலும் சிறு சிரைகளிலும் உள்ள ரத்தம் ஆக்சிஜன் குறைந்தது, நிறம் கருமையாகத்தான் இருக்கும். உறிஞ்சலில் தேங்கி நின்றால் இன்னும் கருமையாகும். கப்பில் சில நிமிடம் இருந்தால் உறையும். உறையவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். கெட்ட ரத்தம், நல்ல ரத்தம் என்று உடம்பில் இரண்டு தனித்தனிக் குழாய்கள் இல்லை.

2013-ல் சவுதியின் தைபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'தைபா கோட்பாடு' என்று ஒன்றை முன்வைத்தார்கள். சிறுநீரகம் அழுத்தத்தால் வடிகட்டுவது போல, கப்பின் உறிஞ்சலால் தோலும் கழிவை வடிகட்டும் என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மாதம் ஒரு முறை சில கப் வைப்பது அந்த வேலையில் எத்தனை பங்கு என்று நீங்களே கணக்குப் போடலாம். வலி குறைவதற்கு வேறு விளக்கமும் உண்டு: ஓரிடத்தில் புதிய உணர்வு கிளம்பும்போது பழைய வலிச் செய்தி நரம்பில் அமுங்குவது. விழுந்த குழந்தையின் முழங்காலைத் தேய்த்துவிடுகிறோமே, அதே சங்கதி.

ரத்தம் எடுப்பது மருத்துவத்தில் இன்றும் இருக்கிறது. உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய்க்கும், சிவப்பணுக்கள் மிகையாகும் நோய்க்கும் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பார்கள். நம் ஊர் பிரச்னை பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்.

ரத்தசோகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4, கேரளத்தில் 36.3. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு அமர்வில் 100 மில்லி போனால் 50 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வது நாளைக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். அதாவது, அரை மணி நேரத்தில் போனதைத் திரும்பச் சம்பாதிக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம். எல்லா அமர்விலும் இவ்வளவு போகாது, பல நேரம் இதில் பாதிகூட வராது. ஆனால் மாதவிடாய் அதிகம் உள்ள ஒரு பெண் மாதாமாதம் பிறை பார்த்துப் போனால்? அடிக்கடி ஹிஜாமா செய்து கடுமையான ரத்தசோகையோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

ரத்த தானத்தில் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். அங்கே 350 மில்லி எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் விரலில் குத்திப் பார்க்காமல் எடுப்பதில்லை. உங்களுக்கு ஹிஜாமா செய்பவர் ஹீமோகுளோபின் கேட்டாரா?

வார்ஃபரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் அந்தக் கீறல் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்களுக்கு முதுகு முழுக்க நிரந்தர அடையாளம் ஆகலாம்.

யார் செய்யலாம்?

சட்டப்படி ஹிஜாமா யுனானி மருத்துவத்தின் ஒரு சிகிச்சை. யுனானி அரசு அங்கீகாரம் பெற்ற முறை. அதில் பட்டம் வாங்க, பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. சென்னையில் அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியும் ராயபுரத்தில் மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. கொச்சிப் பக்கம் ஆலுவா அருகே எடத்தலையில் மத்திய யுனானி ஆராய்ச்சிக் குழுமத்தின் பிரிவு உண்டு. கேரளத்தின் முதல் யுனானி கல்லூரி கோழிக்கோடு மாவட்டத்தில் இருக்கிறது.

மறுபக்கம், சில நாள் பயிற்சியில் 'ஹிஜாமா தெரபிஸ்ட்' சான்றிதழ் தருகிறார்கள். அந்தக் காகிதம் சட்டத்தின் முன் நிற்காது. 2020-ன் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்திய மருத்துவ முறையில் மருத்துவம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'பரம்பரையா செய்றோம்' என்பதும் எடுபடாது. கேரளத்தின் பாரம்பரிய வைத்தியர்கள் பட்டமும் பதிவும் இல்லாமல் தொழில் செய்யும் உரிமை கேட்டுப் போன வழக்கில், 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. கொம்பு வைத்துப் பழகிய கைகளுக்கு அந்தத் தீர்ப்பு வலித்திருக்கும். அவர்களிடம் அனுபவம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஏதாவது தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்குத்தான் பதிவேடு.

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. 1954-ன் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம், சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், பக்கவாதம் உட்பட 54 நோய்களைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்த எழுபது நோய் ஃபார்வர்டு ஞாபகம் இருக்கா?

போவதென்று முடிவு செய்தால்

வலியை முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கை மரத்துப்போதல், பலவீனம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அது கப் வைக்கும் வலி இல்லை.

பிறகு, செய்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, சுவரில் மாட்டியிருக்க வேண்டிய எண் அது. பிளேடும் கப்பும் உங்கள் கண் முன்னே புதுப் பொட்டலத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும். 'கொதிக்க வைச்சாச்சு' என்ற பிளாஸ்டிக் கப் வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவர் என்றால் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள், ஹிஜாமா இருந்தாலும் இல்லாவிட்டாலும். கையுறை போட்டிருக்கிறாரா, படுக்கை விரிப்பு மாற்றப்படுகிறதா என்று பாருங்கள். குப்பையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் கப் சிவப்புப் பையில், பிளேடு குத்தாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். எல்லாம் ஒரே கறுப்பு கவரில் கட்டி மூலையில் கிடந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஆள் வரவழைத்துச் செய்வதில் இந்தக் கழிவு எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? காலையில் உங்கள் குப்பையைப் பிரிக்கும் பெண்ணின் கைக்கு.

முடிந்ததும் உடனே பைக் எடுக்காதீர்கள், கால் மணி நேரம் உட்காருங்கள். வட்டத் தழும்பு ஒரு வாரம் பத்து நாளில் மங்கும். சிவந்து சூடாகி, சீழ் அல்லது காய்ச்சல் வந்தால் கப் வைத்தவரிடம் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த முறை ரத்த தானத்துக்குப் போகும்போது ஹிஜாமா செய்ததைப் படிவத்தில் சொல்லுங்கள். தோலைக் கீறிய எதையும் அவர்கள் கேட்பார்கள்.

அப்பா அம்மா போகிறார்கள் என்றால், தடுப்பதை விட ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: மாத்திரையை நிறுத்தக் கூடாது. போவதற்கு முந்தைய வாரம் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.